எவருக்கும் புலப்படக்கூடியது

சென்ற மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் அதிகாரி தன் பிள்ளைகளுக்குச் செஞ்சிக் கோட்டையைக் காட்ட வந்திருந்தார். காப்புரிமை அலுவலகத்தில் நான் கடைசியாகப் பயிற்சி கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ராஜகிரியில் பாதி ஏறிவிட்டு, வெயில் தாங்காமல் இறங்கி, நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகள் மின்விசிறிக்கு அடியில் தரையில் படுத்துக்கொண்டன. அவர் அலுவலகச் செய்திகளைச் சொன்னார். புதிதாக வந்திருக்கும் மென்பொருளில் ஒரு விண்ணப்பத்தைப் போட்டால், அதற்கு நெருக்கமான பழைய ஆவணங்களைக் காப்பி ஆறுவதற்குள் தேடித் தந்துவிடுகிறதாம். எந்த இரண்டை ஒட்டினால் இந்தக் கண்டுபிடிப்பு வரும் என்றும் சொல்லிவிடுகிறதாம்.

"வேலை சுலபமாயிடுச்சு சார். ஆனா கையெழுத்துப் போடறப்பதான் ஒரு மாதிரி இருக்கு," என்றார்.

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன். அவர் எதிர்பார்த்தது இதுவாக இருக்காது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். இயந்திரத்தின் சில உறுப்புகளையும் மாற்றியிருக்கிறேன். யாரும் கோப்பைத் தேட வேண்டாம்.

நான் பிறந்தது செஞ்சியில். அப்பாவுக்குக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை. ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம். அதில் வருடம் ஒரு போகம் மல்லாட்டை போடுவோம். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. பொறியியல் படித்து, தேர்வு எழுதி, காப்புரிமை ஆய்வாளராகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சட்டத்தை மனப்பாடம் செய்தோம். அடுக்கடுக்காகக் கட்டி வைத்திருந்த பழைய வரைபடங்களைத் தூசி தட்டிப் படித்தோம். தும்மினோம்.

ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்திருப்பதாகச் சொல்லி விண்ணப்பிப்பார். ஆய்வாளர் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இது இதற்கு முன் எங்காவது இருந்ததா? இல்லையென்றால், ஏற்கெனவே இருந்தவற்றிலிருந்து யாரும் எளிதாக எட்டிவிடக்கூடியதா? முதல் கேள்விக்குத் தேடினால் பதில் கிடைக்கும். இரண்டாவதற்குத் தேடிக் கிடைக்காது. "இத்துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள எவருக்கும் புலப்படக்கூடியது." ஆங்கிலத்தில் நாங்கள் எழுதிய வாசகத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம். ஒரு விண்ணப்பத்தை மறுக்க இந்த ஒரு வரி போதும். அந்த "எவரும்" யார் என்று ஒருவரும் கண்டதில்லை. ஆய்வாளர் தன்னையே அந்த ஆளாக வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்.

என் மேசைக்கு வராத தொழில் இல்லை. குக்கர் விசிலுக்குள் உருளும் ஒரு குண்டு, பின்னலாடை இயந்திரத்தில் நூல் அறுந்ததும் மோட்டாரை நிறுத்தும் சர்க்யூட், முந்திரிக்கொட்டையை நசுக்காமல் உடைக்கும் பல், குழந்தையின் விரல் பட்டதும் திறந்துகொள்ளும் லிஃப்ட் கதவு, பாலில் தண்ணீரைக் காட்டிக் கொடுக்கும் மானி, மாவாட்டும் கிரைண்டரைச் சாய்க்க ஒரு கொக்கி. ஊருக்கு வரும்போது சொந்தக்காரர்கள், "இன்னா வேலைன்னு கேட்டா சொல்லத் தெரியலப்பா. எங்க பையன் மிஷினுக்கெல்லாம் பரீட்சை பேப்பர் திருத்தறான்னு சொல்ட்டேன்," என்பார்கள். அது ஒன்றும் தப்பான விளக்கம் இல்லை.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவரை வேதாசலம் என்று வைத்துக்கொள்கிறேன். அறிக்கை எழுதுவது நாங்கள். விண்ணப்பதாரரை விசாரித்துத் தீர்ப்பெழுதுவது அவர். ஒல்லியான மனிதர். பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து நாள் முழுக்க அதையே குடிப்பார். பியூன் முதல் எல்லோருக்கும் "நீங்க"தான். ஒரே ஒரு சொல்லை மட்டும் தன் அறையில் பேசவிட மாட்டார். "சிம்பிள்." நான் ஒருமுறை, "இது ரொம்ப சிம்பிள் சார்," என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். "யாருக்கு?" என்று கேட்டார். நான் கோப்பைப் பார்த்தேன். "யாருக்குன்னு சொல்லிட்டு மேல பேசுங்க."

அவருடைய போக்கைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். தானாகவே ஓயாமல் சுற்றும் சக்கரத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு வருடத்துக்குச் சிலராவது வருவார்கள். அப்படி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்தார். மரச் சக்கரம், ஆரங்களில் ஈயக் குண்டுகள். இயற்கை விதிக்கு முரணானது என்று நான் ஒரு பத்தியில் அறிக்கையை முடித்திருந்தேன். வேதாசலம் அவரை அழைத்து, சக்கரத்தைத் தன் மேசையிலேயே சுற்றிவிடச் சொன்னார். பிறகு அறையைப் பூட்டி, சாவியை அந்த ஆசிரியரிடமே கொடுத்து, சாப்பிட்டு வரச் சொன்னார். தானும் வெளியே வந்து எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஆசிரியர் திரும்பி வந்து, தன் கையாலேயே திறந்து, நின்றுபோன சக்கரத்தைப் பார்த்தார். வேதாசலம் சக்கரத்தைத் தன் கையால் துணியில் கட்டிக் கொடுத்து, மாடிப்படி வரை கூடப்போய் வழியனுப்பினார். திரும்பி வந்து என்னிடம், "நீங்க எழுதினது சரிதான். ஆனா அவர் பார்த்துட்டுப் போகணும் இல்லையா?" என்றார்.

புலப்படக்கூடியதா, இல்லையா என்ற இரண்டாவது கேள்விக்கு அவர் எங்களுக்கு ஒரு முறையை வைத்திருந்தார். சட்டத்தில் அது இல்லை. வேறெந்த அலுவலகத்திலும் நான் கேள்விப்பட்டதும் இல்லை. விண்ணப்பத்தில் பிரச்சினையைச் சொல்லும் பகுதியை மட்டும் முதலில் படிக்க வேண்டும். தீர்வைச் சொல்லும் பக்கங்களை ஒரு கிளிப் போட்டு மூடிவிட வேண்டும். ஒரு வெற்றுத்தாளை எடுத்து, அந்தப் பிரச்சினைக்கு நமக்கு என்ன வழி தோன்றுகிறது என்று வரைய வேண்டும். மதியச் சாப்பாடு வரை வரையலாம். அதன் பிறகுதான் கிளிப்பை எடுக்க வேண்டும். தாளைக் கோப்பின் உள்பக்கம் செருகி வைக்க வேண்டும். அது விண்ணப்பதாரருக்குப் போகாது. வேதாசலம் மட்டும் பார்ப்பார்.

விடை தெரிந்த பின் எல்லா வழியும் நேராகத்தான் தெரியும் என்பது அவருடைய பயம். அந்த நூல் அறும் சர்க்யூட்டுக்கு நான் கொடுத்த தாள் முழுக்க அடித்தல் திருத்தலாக இருந்தது. அதை நீட்டும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர் தாளைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஏன் கூச்சப்படறீங்க? முடியலன்னு காட்டத்தான் இந்தத் தாளே," என்றார். அது ஜப்பான்காரர்களின் விண்ணப்பம். அதற்குக் காப்புரிமை கொடுத்தோம். என் தாளில் விடை இல்லாததில் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் நான் மேலே எழுத வேண்டும்.

அலுவலகத்தில் கணினி வந்த புதிதில் அந்த விண்ணப்பம் வந்தது. விண்ணப்பதாரர் கோதண்டம். செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லத்துக்காரர். டிப்ளமோ படித்தவர்; சாலையோரத்தில் பெரிய பட்டறை வைத்துக் கதிரடிக்கும் இயந்திரமும் மல்லாட்டை ஆயும் இயந்திரமும் செய்து விற்றுக்கொண்டிருந்தார். எனக்கு அவரை நேரில் பழக்கமில்லை. பெயர்ப்பலகையைப் பேருந்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதில் அவர் பெயர் இயந்திரத்தின் படத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

மல்லாட்டைக் கொடியைப் பிடுங்கிப் போட்டதும் பெண்கள் சுற்றி உட்கார்ந்து காயை ஆய்வார்கள். கோதண்டத்தின் இயந்திரத்தில் அந்த வேலையை முள் வைத்த ஓர் உருளை செய்தது. உருளைக்கு முன்னால் இடுப்பு உயரத்தில் ஒரு பலகை. கொடியைக் கற்றையாக அதில் வைத்துப் பிடித்து, வேர்ப் பக்கத்தைச் சுழலும் உருளைமேல் காட்ட வேண்டும். காய் கழன்று கீழே கொட்டும். ஈரக் கொடியாக இருந்தால் சில சமயம் உருளையில் சுற்றிக்கொள்ளும். அப்போது பிடித்திருக்கும் கையும் சேர்ந்து உள்ளே போகும். எங்கள் பக்கத்தில் அப்படிக் கை போனவர்களை நான் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். கை சிக்கும் கணத்தில் இயந்திரத்தை நிறுத்துவது எப்படி என்பதுதான் பிரச்சினை.

தீர்வுப் பக்கங்களுக்குக் கிளிப் போட்டேன். தாளை எடுத்தேன். ஒளிக்கற்றை வைத்துக் கை குறுக்கே வந்தால் நிறுத்தலாம் என்று வரைந்தேன். கொடியும்தான் குறுக்கே வரும். அடித்தேன். மோட்டாரின் பளு கூடினால் நிற்கும்படி வரைந்தேன். ஈரக் கொடிக்கும் பளு கூடும், நாளெல்லாம் நின்று நின்று ஓடும், எரிச்சலில் கம்பியைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அடித்தேன். காலால் மிதிக்கும் கட்டை. பயந்தவர் காலை எடுப்பாரா, இன்னும் அழுத்துவாரா தெரியாது. அதையும் அடித்தேன். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கிளிப்பை எடுத்துப் படித்தேன்.

கோதண்டம் கையைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஒரு கையை இயந்திரம் இழுத்தால், ஆள் மறு கையாலும் வயிற்றாலும் முன்னால் இருக்கும் பலகையைத் தள்ளித் தன்னைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளப் பார்ப்பார். எல்லா இயந்திரத்திலும் அந்தப் பலகை பற்ற வைத்து அசையாமல் நிற்கும். கோதண்டம் அதைக் கீலில் தொங்கவிட்டிருந்தார். தள்ளினால் பலகை உள்பக்கம் சாயும். சாய்ந்தால் பெல்ட் தளரும். அதோடு ஒரு கட்டை உருளைமேல் விழுந்து அதைப் பிடித்துக்கொள்ளும். யாரும் எதையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பயமே இயந்திரத்தை நிறுத்திவிடும்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவ்வளவுதானா என்று தோன்றியது. பிறகு முகம் சூடாகியது. மல்லாட்டைக் கொல்லையில் வளர்ந்தவன் நான். பொறியியல் படித்தவன். உலகத்து இயந்திரங்களையெல்லாம் திருத்திக்கொண்டிருக்கிறவன். என் தாளில் இருந்தவை அடித்த கோடுகள் மட்டும். ஜப்பான்காரர்களிடம் தோற்றபோது வராத வெட்கம் வல்லத்துக்காரர் ஒருவரிடம் தோற்றபோது வந்தது. இன்று எவ்வளவு யோசித்தாலும் அதற்கு வேறு மரியாதையான பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். இன்னொரு தாளை எடுத்து, ஒரு பலகை, ஒரு கீல், ஒரு பெல்ட் வரைந்தேன். இயல்பாக இருக்கட்டும் என்று ஒரு கோட்டை அடித்தும் வைத்தேன். கோப்பில் செருகினேன்.

அதன் பிறகு தேடினேன். தேடினால் எதுவும் கிடைக்கும். துணி பிழியும் பழைய உருளை இயந்திரம் ஒன்றில், விரல் சிக்கினால் உள்ளங்கையால் அமுக்க ஒரு கம்பி இருந்தது. மரம் அறுக்கும் இயந்திரம் ஒன்றில் பெல்ட்டைத் தளர்த்தும் நெம்புகோல் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் கோதண்டத்தின் பலகை வந்துவிடும் என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டேன்: ஊர்க்காரன் என்று சலுகை காட்டவில்லை, நேர்மையாக இருக்கிறேன். அந்த எண்ணம் பல நாள் எனக்கு உதவியாக இருந்தது.

கோதண்டம் விசாரணைக்கு வந்தார். பெரிய கைக்கடிகாரம், சட்டைப் பையில் இரண்டு பேனா. கூட வந்த காப்புரிமை முகவரைப் பேசவிடவில்லை. கையால் சுற்றும் மாதிரி இயந்திரம் ஒன்றை வேதாசலத்தின் மேசையில் வைத்து, அவரையே பலகையைத் தள்ளச் சொன்னார். உருளை டக்கென்று நின்றது. நான் காட்டிய இரண்டு பழைய ஆவணங்களையும் வேதாசலம் அவருக்கு விளக்கினார்.

"அது வேற சார்," என்றார் கோதண்டம். "அதுல கம்பி எங்க இருக்குதுன்னு நெனச்சுப் பாத்து அமுக்கணும். கை உள்ள போறப்ப எவன் சார் நெனச்சுப் பாப்பான்?"

நல்ல பதில். அப்போதே எனக்குத் தெரிந்தது. நான் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த யோசனை எப்படி வந்தது என்று வேதாசலம் கேட்டார். அதுவரை சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த கோதண்டத்தின் குரல் இறங்கிவிட்டது. தன் மனைவியின் வலது கை தன் பட்டறை இயந்திரத்திலேயே போனது என்றார். ஆள் வராத ஒரு நாள் புது இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க அவளைத்தான் நிறுத்தியிருந்தார். ஆறின பிறகு ஒரு நாள் அவள் சொன்னாளாம்: இழுக்கும்போது இந்தக் கையால் பலகையைத் தள்ளு தள்ளென்று தள்ளினேன், அது அசையவே இல்லை என்று. அந்த ஒரு சொல்லிலிருந்துதான் பலகை வந்தது.

"எனக்கு இதுல காசு வாணாம் சார்," என்றார். "கம்பெனிக்காரன் எவனாவது பண்ணிட்டுப் போட்டும். இது ஒருத்தனுக்கும் தோணாததுன்னு கவர்மெண்டு ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா போதும். ஊட்டுல காட்டணும்."

அவர் போன பிறகு வேதாசலம் பிளாஸ்கைத் திறந்தார். வெந்நீரை ஊற்றிக் குடித்தார். கோப்பைத் திறந்து என் தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"அந்த ஆள் சொல்றது என் மனசுல நிக்குது," என்றார். "இது மட்டும் இல்லேன்னா குடுத்துடுவேன். நீங்க தீர்வைப் பாக்காமயே இதை வரைஞ்சிருக்கீங்க. உங்களுக்குத் தோணியிருக்குன்னா இன்னொருத்தருக்கும் தோணும். பாக்கறதுக்கு முன்னாடி வரைஞ்சதுதானே?"

"ஆமா சார்."

அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. கோதண்டத்துக்காகக் கடைசியாக ஒருமுறை கேட்டார். தீர்ப்பில் அந்த வாசகம் போயிற்று. இத்துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள எவருக்கும் புலப்படக்கூடியது.

இயந்திரத்தைப் பெரிய அளவில் செய்ய ஆர்வம் காட்டியிருந்த கம்பெனி, காப்புரிமை இல்லாததால் விலகிக்கொண்டதாக முகவர் மூலம் பின்னால் கேள்விப்பட்டேன். மேல்முறையீடு வரும் என்று சில காலம் பயந்தேன். வரவில்லை. வேதாசலம் ஓய்வுபெற்றார். அவர் இறந்த செய்தி வந்தபோது போய் மாலை போட்டேன். உயிரோடு இருந்தபோது பல முறை அவர் வீடு வரை போயிருக்கிறேன், இதைச் சொன்னதில்லை. அவருடைய நாற்காலிக்கு வந்த பிறகு வெற்றுத்தாள் முறையை இளையவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்தேன். நன்றாகவே சொல்லிக் கொடுத்தேன் என்றுதான் சொல்கிறார்கள்.

ஓய்வுபெற்றதும் செஞ்சிக்கே வந்துவிட்டோம். ஒருநாள் வீட்டு இரும்புக் கேட்டின் கீல் விட்டுப்போயிற்று. கடைவீதியிலேயே பற்ற வைத்திருக்கலாம். வண்டியில் ஏற்றிக்கொண்டு வல்லம் சாலையில் இருக்கும் அந்தப் பட்டறைக்குப் போனேன். ஏன் போனேன் என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பெயர்ப்பலகையில் அவர் பெயர் அப்படியே இருந்தது, வெயிலில் வெளுத்து. உள்ளே வெல்டிங் செய்துகொண்டிருந்தவர், கோதண்டத்திடம் வெகுகாலம் வேலை பார்த்தவர். பட்டறை இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது.

"ஓனரு போயிட்டாரு சார், போன ஆடியில," என்றார்.

மகன் இல்லையா என்று கேட்டேன். ஓசூரில் பெரிய கம்பெனியில் இருப்பதாகச் சொன்னார். "அவன் இந்தப் பக்கம் வர மாட்டான். அப்பனுக்கும் புள்ளைக்கும் பேச்சுவார்த்த இல்லாமலே போயிடுச்சு. அந்தம்மா கை விஷயந்தான்."

ஓரமாக ஒரு மல்லாட்டை இயந்திரம் வண்ணம் பூசி நின்றது. பலகையைத் தள்ளினேன். சாய்ந்தது. உள்ளே கட்டை விழும் சத்தம் கேட்டது. "எல்லாத்துலயும் இது உண்டு சார். காசு கொறையக் குடுத்தாலும் இத உட்டுட்டுப் பண்ணக் கூடாதுன்னுவாரு," என்றார் அவர்.

அடுத்த அமாவாசை கழித்து, மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் பேருந்துகளின் நெரிசல் அடங்கியதும், கோதண்டத்தின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அலமேலு ரேஷன் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். வலது கை மணிக்கட்டுக்கு மேலேயே முடிந்திருந்தது. பையை அந்தக் கையின் மடிப்பில் மாட்டியிருந்தார். காப்புரிமை அலுவலகத்தில் இருந்தவன் என்று சொன்னேன். உள்ளே வரச் சொல்லி, விசிறியைப் போட்டார்.

"மிஷின் ஆபீசா? அப்ப இத மொதல்ல கேளுங்க," என்றார். "ரேஷன்ல ரேகை வெக்கற மிஷினு, எடது கை வெரலு வெச்சா ஏத்துக்க மாட்டுது. ஒழச்சு ஒழச்சு ரேக தேஞ்சு போச்சாம். வலது கைய வெய்யின்றான். எங்க போயி எடுத்தாறது?" சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அந்தத் தீர்ப்பு வந்த நாளைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இங்கிலீஷில் இருந்ததால், பொறியியல் படித்துக்கொண்டிருந்த மகன் லீவுக்கு வந்ததும் படிக்கச் சொன்னார்களாம். அவன் நின்றுகொண்டே படித்து, தமிழில் சொன்னானாம். இந்த வேலை தெரிந்த எவனுக்கும் இது தோன்றும் என்று போட்டிருக்கிறது என்றானாம்.

"அப்பறம் அப்பாரப் பாத்துக் கேட்டான் சார். அப்ப உனுக்கு ஏன் நைனா தோணல, அம்மா கை போறதுக்கு முன்னாடின்னான். எவனுக்கும் தோணுமாமே, பட்டற வெச்சிருக்கற உனுக்கு மட்டும் இன்னாத்துக்குத் தோணலன்னான். அவரு ஒன்னும் சொல்லல. ஊரையே பேசி அடிக்கற மனுசன், வாயத் தொறக்கல. அன்னிக்கிப் போனவன்தான்."

எத்தனை நூறு முறை அந்த வாசகத்தை எழுதியிருப்பேன். அது கண்டுபிடிப்பைப் பற்றிய வாசகம் என்றே எப்போதும் நினைத்திருந்தேன். எவருக்கும் தெரியக்கூடியது என்றால், தெரியாமல் போனவன் குற்றவாளி என்று அதற்குப் பொருள் வரும் ஒரு வீடு இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அறிக்கையை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். தாள், கிளிப், அடித்த கோடுகள், கிழித்துப் போட்டது, பார்த்து வரைந்தது, மேலதிகாரியிடம் சொன்ன பொய். எனக்கு அது தோன்றவில்லை, நான் தேடிய எந்த ஆவணத்திலும் அது இல்லை, உங்கள் கணவருக்கு மட்டும்தான் அது தோன்றியது, அதுவும் நீங்கள் சொன்ன பிறகுதான் தோன்றியிருக்க முடியும் என்று சொன்னேன்.

அவர் இடது கையால் முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தார்.

"வெக்கப்பட்டுக்கினா அப்டி எழுதினீங்க?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"அவரும் அப்டித்தான். வெக்கப்பட்டா கத்துவாரு." கொஞ்ச நேரம் கழித்து, "எனுக்குத் தெரியும் சார், அது எவனுக்கும் தோணாதுன்னு. தள்ளிப் பாத்தவ நானு. எனுக்கே அத சாயற மாதிரி பண்ணலாம்னு தோணலியே," என்றார்.

மகனுடைய எண்ணைக் கேட்டேன். அவனிடமும் இதைச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் வந்தேன் என்றேன்.

"அது வாணாம்," என்றார்.

நான் திரும்பவும் கேட்டேன். தன் தகப்பன் மீது தப்பில்லை என்று அவன் தெரிந்துகொள்ள வேண்டாமா என்றேன்.

"தெரிஞ்சிக்கினு?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அத்தினி வருசம் அப்பங்கிட்ட ஒரு வார்த்த பேசல அவன். ஆஸ்பத்திரில கெடந்தப்ப வாசல்ல நின்னுட்டுப் போயிட்டான். நீங்க இப்ப போயி அது பொய்யின்னு சொல்லுவீங்க. அவன் யாரு கால்ல போயி உழுவான்? நைனா தப்பு பண்ணாருன்னே அவன் நெனச்சிக்கினு இருக்கட்டும். செத்தவரு தாங்கிப்பாரு சார்."

உண்மையைக் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்து வந்தவனுக்கு, அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

கிளம்ப எழுந்தபோது அவருடைய கைபேசி அடித்தது. சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போட்டாயா என்று கேட்க மகன் தினமும் கூப்பிடுவானாம். அவர் அதைப் பலகை மேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மாத்திரை ஆயிற்று, ரேஷனில் அரிசி வாங்கியாயிற்று என்றார். யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டான். நான் இருமியது கேட்டிருக்க வேண்டும்.

"மிஷின் ஆபீசுல இருந்தவராம்பா. நைனாவத் தெரிஞ்சவரு. சும்மா பாக்க வந்தாரு."

"வணக்கம் சார்," என்றான். குரல் அவன் தகப்பனுடையதுபோலவே இருந்தது. "நைனாவோட மிஷின் பாத்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன் தம்பி."

"நல்ல மிஷின்தான் சார்." சற்று நிறுத்தினான். "கொஞ்சம் முன்னாடியே பண்ணியிருக்கலாம், இல்ல சார்?"

அலமேலு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஆமாம் தம்பி," என்றேன்.